கை கழுவிய பிறகு

மே 28, ஞாயிறு
எடை: 131.6 கிலோ. (வீட்டு எடைப்பொறி, காலை 5.45, வெறும் வயிறு.)

இன்று முதல் எழுதுகிறேன். உண்பதையும் எடையையும் மட்டும் குறித்து வைத்தால் போதும் என்று அறுவை மருத்துவர் சொன்னார். நான் ஒன்றைக் குறிப்பதென்றால் முழுமையாகவே குறிப்பேன்.

காரணங்களை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். பின்னாளில் எனக்கே ஐயம் எழக்கூடாது. வயது ஐம்பது. உயரம் 169 செ.மீ. நாளொன்றுக்கு 58 யூனிட் இன்சுலின். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.8. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள். உறக்கத்தில் மூச்சு தடைபடுவதால் முகத்தில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று. என் தந்தைக்கு ஐம்பத்து மூன்றாம் வயதில் சர்க்கரையால் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி எனக்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. ஆகவே இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிவிடும் அறுவைக்கு ஒப்புக்கொண்டேன். தேதி ஜூன் 12.

பணி: எடையளவுச் சட்டத்தின் கீழ் முத்திரை ஆய்வாளர். பொள்ளாச்சிச் சந்தையில் எந்தத் தராசும் என் முத்திரை இல்லாமல் தொங்குவதில்லை. கடைக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசுவதும் எனக்குத் தெரியும். "ஊரு எடையப் பாக்கறவரு தன்ற எடையப் பாக்கறதில்ல." பேசியவரின் தராசில் பிழை இருந்தால் பேசியதற்காக அன்று, பிழைக்காகவே நடவடிக்கை எடுத்திருக்கிறேன்.

நாளை முதல் அறுவை நாள் வரை திரவ உணவு. எனவே இன்று மதியம் சாந்தாமணி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். பதினொரு நிமிடங்களில் உண்டு முடித்தேன். நான் கை கழுவிய பிறகு அவள் உட்கார்ந்தாள். திருமணமான நாளிலிருந்து அவள் வழக்கம் இது: நான் கை கழுவும் குழாய்ச் சத்தம் கேட்டால்தான் தனக்குத் தட்டு எடுப்பாள். நான் விதித்தது அன்று.

ஜூன் 3, சனி
எடை: 129.7.

கோவைக்குச் சென்று உணவியல் வல்லுநரைப் பார்த்தோம். ஷெரின் என்ற இளம்பெண். பதினான்கு விதிகள் சொன்னார், அனைத்தையும் எழுதிக்கொண்டேன். இனி ஒவ்வொரு வேளையும் ஸ்பூனால்தான் உண்ண வேண்டும். ஒரு வேளைக்கு முப்பது முதல் நாற்பது நிமிடம். உணவுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர் கூடாது. ஒரு நாளில் ஆறு சிறு வேளைகள்.

கிளம்பும்போது சாந்தாமணியைப் பார்த்து, "நீங்களும் சுகர் மாத்திரை போடுறீங்களாக்கா?" என்றார்.

"அஞ்சு வருசமா போடறனுங்க. அவருதான் நேரத்துக்கு எடுத்துக் குடுப்பாரு."

"அந்த மாத்திரை போட்டா அரை மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுடணும். சார் டயட்டப் பாத்துட்டு நீங்க உங்க சாப்பாட்ட விட்டுடக் கூடாது. சரியா?"

"சரிங்க கண்ணு" என்றாள்.

இதையும் பதினைந்தாம் விதியாக எழுதினேன். ஆனால் இது என்னைப் பற்றியதன்று என்பதால் தட்டச்சு செய்தபோது நீக்கிவிட்டேன். பதினான்கு விதிகள் ஒரே பக்கத்தில் அடங்கின. பிளாஸ்டிக் உறையிட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியாயிற்று.

ஜூன் 13, செவ்வாய்

அறுவை நேற்று முடிந்தது. வலி. வேறொன்றும் எழுத இயலவில்லை.

ஜூன் 18, ஞாயிறு
எடை: 124.1.

நேற்று வீடு திரும்பினேன். வயிற்றில் ஐந்து துளைகள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை முப்பது மில்லி: இளநீர், வடித்த பருப்புத் தண்ணீர், மோர்த் தெளிவு. சாந்தாமணி அளவுக் குவளையில் ஊற்றித் தருகிறாள். நான் நேரத்தைக் குறிக்கிறேன். இன்று 31 முறை.

எடைப்பொறியில் ஒரு குறை கண்டேன். காலால் தட்டியதும் திரையில் 61.3 என்று தோன்றி மறைந்தது. அதன் பிறகே பூச்சியம் வந்து என் எடை காட்டியது. பொருளற்ற எண். தொடக்கப் பிழை எனக் குறித்துக்கொள்கிறேன்.

ஜூன் 27, செவ்வாய்
எடை: 120.6.

ஒரு நற்செய்தி, இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். இன்சுலின் அடியோடு நிறுத்தப்பட்டது. பதினைந்து நாளாக ஊசி போட்டுக்கொள்ளவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. எடை குறைவதற்கு முன்னரே சர்க்கரை இறங்கிவிடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்; நான் நம்பவில்லை. தொடையில் ஊசி குத்திய தழும்புகளை இன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவை எரிச்சலூட்டுவன. கூழ் உணவு தொடங்கிவிட்டது. நாற்பது கிராம் மசித்த இட்லிக்கு முப்பத்தைந்து நிமிடம். அது முடிந்து அரை மணி கழித்துத் தண்ணீர். அதை உறிஞ்ச இருபது நிமிடம். அதற்குள் அடுத்த வேளை நெருங்கிவிடுகிறது. சாந்தாமணி சமையலறை வாசலிலேயே நிற்கிறாள்.

"ஏனுங்க, நீங்க எப்பத்தான் உண்டு முடிப்பீங்க?"

"அட்டவணை கதவில் இருக்கிறது. படித்துக்கொள்."

"அதுல ஆரம்பிக்கற நேரந்தான் போட்டிருக்கு. முடிக்கற நேரத்தக் காணமே."

வீண் வாதம்.

தாளிக்கும் வாசனை எனக்குக் குமட்டலைத் தருகிறது. வீட்டில் எண்ணெய் காயக் கூடாது என்று பதினைந்தாம் விதியைச் சேர்த்தேன். இடம் காலியாகத்தான் இருந்தது.

ஜூலை 7, வெள்ளி
எடை: 118.4.

புதன்கிழமை முதல் அலுவலகம் செல்கிறேன். காலை 7.30க்கு இருவருக்கும் மாத்திரை: எனக்குச் சத்து மாத்திரைகள், அவளுக்குச் சர்க்கரை மாத்திரை. மாத்திரைப் பெட்டி என் பொறுப்பு. ஒரு நாளும் தவறியதில்லை. 7.45க்கு என் உணவு. 9.00க்குப் புரதப் பொடி கரைத்த பால். 9.30க்குக் கிளம்புகிறேன்.

இன்று பால் அளக்கும்போது சாந்தாமணியின் கை நடுங்கி இருபது மில்லி அதிகமாக ஊற்றிவிட்டாள். அளவு பிசகினால் அட்டவணை முழுவதும் பிசகும் என்று விளக்கினேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் அவள் நெற்றி வியர்த்திருந்தது. நான் சொன்னது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 13, வியாழன்
எடை: 118.4.

ஏழாம் நாளாக அதே எண். உண்பது 600 கலோரிகூட இல்லை. நாலாயிரம் அடி நடக்கிறேன். ஒரு விதியும் மீறவில்லை. எடை மட்டும் நகர மறுக்கிறது.

ஷெரினை அழைத்தேன். "எல்லாருக்கும் ஒரு கட்டத்துல நிக்கும் சார். உடம்பு பழகிக்குது. பயப்படாதீங்க, தினம் எடை பாக்காதீங்க" என்றார். தினமும் எடை பாராதிருக்கும்படி ஒரு முத்திரை ஆய்வாளரிடம் சொல்கிறார்.

காலையில் திரையில் முதலில் வந்த எண்: 58.8. தொடக்கப் பிழை நீடிக்கிறது; மதிப்பும் மாறியிருக்கிறது. நிலையற்ற பொறி. என் எடை நகராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஜூலை 17, திங்கள்
எடை: 118.3.

எடைப்பொறியைத் துணிப்பையில் வைத்து அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். அரசின் நியம எடைக்கற்களை வீட்டுக்குக் கொண்டுவர விதி இடம் தராது. பொறியைக் கற்களிடம் கொண்டுபோகத் தடையில்லை. உணவு இடைவேளையில் அலுவலக உதவியாளர் குப்புராஜ் இருபது கிலோ கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். 20, 40, 60, 80, 100. பிழை ஒன்றுமில்லை.

"பொறி சுத்தமுங்க சார்" என்றார் குப்புராஜ். "கடைக்காரனா இருந்தா பொறியப் பறிமுதல் பண்ணலாம். ஒடம்ப எப்புடிப் பறிமுதல் பண்றது?"

தொடக்கத்தில் வேறு எண் தோன்றுவதைச் சொன்னேன். அவர் பொறியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார்.

"கடேசியா ஏறுன எடையக் காட்டும்னு போட்டிருக்குங்க. உங்க வீட்ல வேற யாரோ ஏறறாங்க சார்."

"என் வீட்டில் வேறு யாருக்கும் எடை பார்க்க வேண்டிய தேவை இல்லை" என்றேன்.

குப்புராஜ் தலையைச் சொறிந்துகொண்டு கற்களை எடுத்து வைக்கப் போய்விட்டார்.

ஜூலை 22, சனி
எடை: 118.1.

இன்று நடந்ததை எழுத மனமில்லை, ஆயினும் எழுதுகிறேன்.

காலை 10.10. விடுமுறை நாள். பால் குவளையை வைக்கச் சமையலறைக்குள் சென்றேன். சாந்தாமணி தரையில் உட்கார்ந்து நாட்டுச்சர்க்கரை டப்பாவைத் திறந்து அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். உதட்டிலும் புடவையிலும் சர்க்கரை.

அந்த டப்பாவின் வரலாற்றைக் குறிக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்ட காலத்தில் எனக்கு இருமுறை சர்க்கரை மிகத் தாழ்ந்து, உடல் நடுங்கி வியர்த்து விழப்போனேன். இரண்டு முறையும் இவள்தான் என் வாயில் நாட்டுச்சர்க்கரையைத் திணித்துப் பிழைக்க வைத்தாள். அன்றிலிருந்து அடுப்பு மேடையின் வலப்புறம் அந்த டப்பா எனக்காகவே இருந்தது.

"ஐந்து ஆண்டு சர்க்கரை நோயாளி செய்யும் காரியமா இது? நான் வயிற்றை அறுத்துக்கொண்டு கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நீ திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்கிறாய்."

"ஒரு மாதிரி வந்துச்சுங்க" என்றாள். "இத உண்டா சரியாப் போயிருதுங்க."

"இனிப்பு தின்றால் யாருக்கும் சரியாகத்தான் போகும்."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு இன்சுலின் நின்றுவிட்டது. எனவே இந்த டப்பாவுக்கு இனி இவ்வீட்டில் வேலையில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, வெறும் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 5, சனி
எடை: 112.7.

தேக்கம் உடைந்தது. பதினான்கு நாளில் 5.4 கிலோ. கோவையில் பரிசோதனை: இரத்த அழுத்த மாத்திரை ஒன்றாகக் குறைக்கப்பட்டது. முகக் கருவியில்லாமல் உறங்கிப் பார்க்கலாம் என்றார்கள். இடைவார் நான்கு துளை உள்ளே போயிருக்கிறது. மாடிப்படி ஏறியபின் பேச முடிகிறது. வீட்டுக்கு வந்து குனிந்து செருப்பு வாரை நானே மாட்டிப் பார்த்தேன். இருமுறை மாட்டி இருமுறை கழற்றினேன்.

இவற்றைச் சாந்தாமணியிடம் வரிசையாகச் சொன்னேன். "சந்தோசமுங்க" என்றாள். பிறகு, "ராத்திரி உங்க கொறட்டச் சத்தமே இல்ல. மூச்சு இருக்குதான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறனுங்க" என்றாள்.

திரையில் முதல் எண்: 56.4.

ஆகஸ்ட் 19, சனி
எடை: 108.6.

சாந்தாமணியின் போக்கு சரியில்லை. உப்புக்குப் பதில் புரதப் பொடியைச் சோற்றில் போட்டாள். கேட்டால் எரிந்து விழுகிறாள். நேற்று மதியம் அலுவலகத்திலிருந்து நான் அழைத்தபோது, தன் தங்கையின் பெயரையே மறந்து தடுமாறினாள். தனக்கென்று சமைப்பதையும் நிறுத்திவிட்டாள் என்று தெரிகிறது. பழைய சோற்றில் தயிர் ஊற்றி நின்றபடியே முடித்துக்கொள்கிறாள். "ஒருத்திக்கு என்னத்த அடுப்பு பத்த வெக்கறது? அதும் தாளிக்காம" என்கிறாள். என்மேல் குறை சொல்லும் தொனி.

அவள் ரவிக்கைகள் தோளில் நழுவுகின்றன. தையற்காரர் துணியை ஒழுங்காக அளக்கவில்லை போலும்.

செப்டம்பர் 9, சனி
எடை: 103.9. மொத்தக் குறைவு 27.7 கிலோ.

நாளை உடுமலையில் சகலை துரைசாமியின் மகள் திருமணம். சாந்தாமணியின் தங்கை மகள். அறுவைக்குப் பின் நான் போகும் முதல் விசேடம். தேவையானவை: உணவுப் பெட்டி, அளவு ஸ்பூன், மாத்திரைப் பெட்டி, அட்டவணையின் நகல்.

திரை: 54.1.

செப்டம்பர் 10, ஞாயிறு

மாலை 6.20. எடை பார்க்கவில்லை.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

6.45க்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். 7.30க்கு அலாரம் அடித்தது. காரிலேயே அவள் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். 7.45க்கு மண்டபத்தில் ஓர் ஓரமாக மேசை போட்டு என் பெட்டியைத் திறந்தேன். சிற்றுண்டிப் பந்திக்கு வரும்படி சாந்தாமணியை மூன்று பேர் அழைத்தார்கள். "அவரு முடிச்சுட்டு வரட்டுமுங்க" என்றாள். நான் முடித்தபோது பந்தியை எடுத்துவிட்டார்கள். பெண்ணின் பெரியம்மா என்று அவளை மணமேடைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

11.10க்கு மதியப் பந்தி. என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார் துரைசாமி.

"என்னுங் சகல, பாதி ஆளக் காணமே! மீதிய எங்க வெச்சுட்டு வந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"இலையப் போட்டுட்டு ஸ்பூனக் கையில வெச்சுட்டு உக்காந்தா எப்புடிங்? இது பந்திங்களா, பள்ளிக்கூட லேபுங்களா? ஏய், சகலைக்குப் பாயசத்த ஊத்து!"

வேண்டாம் என்பதற்குள் பரிமாறியவர் ஊற்றிவிட்டார். எனக்குப் பின்னால் சாந்தாமணி நின்றிருந்தாள். பரிமாறுகிறவர்களிடம் எனக்காக "போதும்" சொல்லும் வேலை அவளுடையது. அவளும் உட்காரும்படி யாரோ சொன்னார்கள். "இவரு கை கழுவட்டும்" என்ற குரல் எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை. பருப்பை மென்றுகொண்டிருந்தேன், ஒரு வாய்க்கு இருபத்தைந்து முறை.

11.38. என் நாற்காலியின் முதுகை ஏதோ பிடித்து இழுத்தது. திரும்பினேன். சாந்தாமணி நாற்காலியைப் பற்றியபடியே தரையில் சரிந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. பட்டுப் புடவை முதுகில் ஒட்டியிருந்தது. கண்கள் என்னைப் பார்த்தன. அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. கை நடுங்கிற்று.

அந்த நடுக்கத்தை எனக்குத் தெரியும். அந்த வியர்வையை எனக்குத் தெரியும். இருமுறை என் உடலிலேயே வந்தவை.

"காத்து விடுங்க, சோடா வாங்கிட்டு வாங்க" என்று சுற்றிலும் கூச்சல். நான் இலையில் நின்ற பாயசத்தை என் அளவு ஸ்பூனால் எடுத்து அவள் கன்னத்துக்குள் விட்டேன். விழுங்கினாள். இன்னொன்று. ஐந்து மில்லி ஸ்பூன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. இலையில் தீர்ந்ததும் துரைசாமி வாளியையே பக்கத்தில் வைத்தார்.

மண்டபத்துக்கு எதிரே ஒரு சிறு மருத்துவமனை. அவ்வளவு பாயசத்துக்குப் பிறகும் சர்க்கரை 58; எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. பணியிலிருந்தவர் வயதான மருத்துவர், நிதானமாகக் கேட்டார்.

"மாத்திரை எப்பப் போட்டீங்கம்மா?"

"ஏழரைக்குங்க. அவரு குடுத்துருவாருங்க. கரெக்டா."

"எப்பச் சாப்பிட்டீங்க?"

"இன்னும் இல்லீங்க."

"இன்னைக்கு விடுங்க. வீட்ல தினம் எப்பச் சாப்பிடுவீங்க?"

"அவரு உண்டு கை கழுவுன பொறகுங்க."

"அது எத்தனை மணிக்கு?"

சாந்தாமணி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இப்ப எல்லாம் ஸ்பூன்லதானுங்களே உங்கறாரு. அவரு கையே கழுவறதில்லீங்க. எப்ப முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியறதில்லீங்க. ஆபீசுக்குப் போன பொறகு, பத்து, பத்தரைக்கு ஏதாச்சும் உங்கறதுங்க."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத்தான் ஆபரேஷனா சார்? எப்ப?"

"ஜூன் 12."

"நல்லா வேலை செஞ்சிருக்கு. ரெண்டு பேருக்கும் சேத்து."

மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார். அவளை எடை பார்க்கச் சொன்னார். அங்கிருந்தது பழைய முள் தராசு. முத்திரைக் காலம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. முள் ஐம்பத்து நான்கைத் தொடாமல் நின்றது.

செப்டம்பர் 11, திங்கள்

விடுப்பு எடுத்தேன்.

காலையில் கேட்டேன்: "எடைப்பொறியில் நீதான் ஏறினாயா?"

"துடைக்கறப்ப ஏறிப் பாப்பனுங்க. உங்களுக்கு எடை நிக்கறப்பக்கூட எனக்குக் கொறஞ்சுட்டே போச்சு. மொதல்ல சிரிப்பா இருந்துச்சு. பொறகு பயமாயிருச்சுங்க."

"ஏன் சொல்லவில்லை?"

"உங்க நோட்டுல எழுதிட்டுக் கேள்வி கேப்பீங்க. பதில் சொல்லத் தெம்பு இல்லீங்க."

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து புரட்டினேன். 61.3. 58.8. 56.4. 54.1. தேதியோடு, பிசகின்றி, என் கையெழுத்தில். கை நடுங்கிய நாள் இருக்கிறது. வியர்த்த நாள் இருக்கிறது. சர்க்கரை டப்பாவை நான் பிடுங்கிய நாள் மணி நிமிடத்தோடு இருக்கிறது. இந்த ஊரில் எந்த மருத்துவரும் இதைவிட முழுமையாக அவள் நிலையைப் பதிவு செய்திருக்க மாட்டார்.

அலுவலகப் பதிவேட்டில் ஒரு பிழையைத் திருத்தும் முறை உண்டு. அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். "தொடக்கப் பிழை" என்று வரும் இரண்டு இடங்களிலும் கோடு இழுத்து, மேலே "சாந்தாமணி" என்று எழுதி ஒப்பமிட்டேன். வெறும் எண்ணாக நின்ற இரண்டிலும் பெயரைச் சேர்த்தேன். "தையற்காரர்" என்ற இடத்தில் கோடு மட்டும் இழுத்தேன். மேலே என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போய் நாட்டுச்சர்க்கரையைத் திருப்பிக் கேட்க முடியாது. கடையில் ஒரு கிலோ வாங்கி வந்து டப்பாவை நிரப்பி வலப்புறமே வைத்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்
எடை: சாந்தாமணி 53.6. நான் 103.0.

அவளுக்கும் ஓர் அட்டவணை தட்டச்சு செய்து ஒட்டினேன். மாத்திரை 7.30. உணவு 7.40. கடைசிக் கட்டத்தில் கையொப்பம். மூன்று நாளும் கையொப்பம் ஒழுங்காக இருக்கிறது. எடை மட்டும் ஏறவில்லை.

ஐயம் எழுந்தது. இன்று காலை நான் குளிக்கச் செல்லும் முன் இட்லிப் பாத்திரத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். குளித்து வந்து மீண்டும் நிறுத்தேன். பாத்திர எடையைக் கழித்தால் நிகர எடையில் ஒரு கிராம்கூட மாற்றமில்லை. கையொப்பம் மட்டும் 7.40க்கு இடப்பட்டிருந்தது.

"இது பொய்க் கையொப்பம்."

"பறிமுதல் பண்ணிக்கோங்க."

"சாந்தாமணி, இது விளையாட்டு அன்று. எனக்கு இருமுறை வந்தது உனக்கு அடிக்கடி வந்துகொண்டிருக்கிறது."

"நான் வெளையாடலீங்க. இருவத்தஞ்சு வருசமா நீங்க உண்டு நான் உண்டவளுங்க. உங்களுக்கு முன்னாடி உக்காந்தா தொண்டையில எறங்க மாட்டேங்குது. விதி போட்டா மட்டும் எறங்கீருமா?"

மாத்திரையைப் போட்டுவிட்டு உண்ணாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நூறு முறை சொல்லியாயிற்று. அவளுக்கும் தெரியும். தெரிந்தும் நிற்கிறாள். என் வயிற்றில் கத்தி வைத்து முக்கால் பங்கை வெட்டி எடுக்க ஒரு மருத்துவருக்கு ஒன்றரை மணி நேரம் போதுமாயிருந்தது. ஒரு பெண்ணை மூன்று இட்லி உண்ண வைக்க எனக்கு நான்கு நாள் போதவில்லை. இன்று அவள் எதிரில் உட்கார்ந்து ஊட்ட முயன்றேன், கையைத் தட்டிவிட்டாள். நான் கத்தினேன். இரண்டரை இட்லி உண்டாள், அழுதுகொண்டே. இது முறையன்று.

செப்டம்பர் 17, ஞாயிறு
எடை: சாந்தாமணி 53.9. நான் பார்க்கவில்லை.

காலையில் குளிர்பெட்டிக் கதவில் இருந்த இரண்டு அட்டவணைகளையும் எடுத்தேன். உறையிட்டவை எளிதில் உரிவதில்லை. கதவில் பசை நின்றுவிட்டது. எண்ணெய்ச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்து, கடுகு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சட்னிக்குத் தாளித்தாள். குமட்டியது. சன்னலோரம் போய் நின்று சமாளித்தேன்.

7.30க்கு மாத்திரை. அதன் பிறகு என் கிண்ணத்தை மேசைமேல் வைத்து, ஸ்பூனைக் குப்புறக் கவிழ்த்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஆறப்போகுதுங்க. உண்ணுங்க."

"நீ கை கழுவிய பிறகு."

"என்னங்க இது கூத்து?"

"கூத்து அன்று. நீ கை கழுவும் சத்தம் கேட்டால்தான் நான் ஸ்பூனை எடுப்பேன். என் 7.45 உணவு தவறினால் 9 மணிப் பால் தவறும். புரதம் குறையும். முடி கொட்டும் என்று ஷெரின் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே கொட்டுகிறது."

"மெரட்டறீங்களா?"

"ஆம்."

ஐந்து நிமிடம் நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள், என் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்து எதிரில் உட்கார்ந்தாள். இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, வாய்க்கருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இப்புடி மொறச்சுப் பாத்துட்டே இருந்தா எப்புடி உங்கறது? அக்கட்டுத் திரும்புங்க."

நாற்காலியோடு திரும்பினேன். எதிரே பசை படிந்த குளிர்பெட்டிக் கதவு; படிக்க ஒன்றுமில்லை. எத்தனை இட்லி என்று தெரியவில்லை. நிறுக்கவும் இல்லை. ஒருமுறை, "உப்பு கொஞ்சம் தூக்கலுங்க" என்றாள், தனக்குத்தானே.

பிறகு நாற்காலி நகர்ந்தது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

ஸ்பூனை நிமிர்த்தினேன். மணி 8.14. என் வேளை இருபத்தொன்பது நிமிடம் தாமதம்.